ஓலா ஹாலென்கிரென் பராமரிப்பு ஸ்கிரிப்ட்: பேக்கப்புக்கு முழு மதிப்பெண், இண்டெக்ஸுக்குப் பாதி

மைக்ரோசாஃப்டின் டேட்டாபேஸ் மென்பொருளான எஸ்கியூஎல் சர்வர் ஓடும் எந்த இடத்திலும் மூன்று வேலைகள் தவறாமல் நடந்தாக வேண்டும். பேக்கப் எடுக்க வேண்டும், டேட்டாபேஸ் கோப்புகளில் பழுது உண்டா என்று சோதிக்க வேண்டும், இண்டெக்ஸையும் (தேடலை வேகப்படுத்தும் அமைப்பு) ஸ்டாடிஸ்டிக்ஸையும் (டேட்டா எப்படிப் பரவியிருக்கிறது என்ற சுருக்கக் கணக்கு) கவனிக்க வேண்டும். இந்த மூன்றையும் யாரும் கை வைக்காமல் ஓட்டுவதற்கு இலவசமாகக் கிடைப்பது ஓலா ஹாலென்கிரென் எழுதி, பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாகப் பராமரித்துவரும் 'எஸ்கியூஎல் சர்வர் மெயின்டனன்ஸ் சொல்யூஷன்'. எம்ஐடி உரிமத்தில் வருகிறது, மூல நிரல் கிட்ஹப்பில் திறந்தே கிடக்கிறது. எக்ஸ்பிரஸ் முதல் என்டர்பிரைஸ் வரை எல்லா எடிஷனிலும் ஓடும்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். பேக்கப்புக்கும் பழுது சோதனைக்கும் இதைவிட நல்ல இலவசக் கருவி எனக்குத் தெரிந்து இல்லை. இண்டெக்ஸ் பகுதியும் நன்றாக எழுதப்பட்டதுதான். ஆனால் அது கொடுக்கும் இயல்பு மதிப்புகளை அப்படியே விட்டால், தேவையில்லாத வேலையை இரவெல்லாம் செய்துகொண்டு, தேவையான வேலையைச் செய்யாமல் விடும். இன்னொன்று: நிறுவி முடித்த கையோடு எல்லாம் தானாக நடக்கும் என்று நினைத்தால் ஒன்றுமே நடக்காது.

நிறுவுதல்

ஒரே ஒரு ஸ்கிரிப்ட் கோப்புதான். அதை மேனேஜ்மென்ட் ஸ்டுடியோவில் திறந்து ஓட்டினால் நான்கு ஸ்டோர்டு ப்ரொசீஜர்கள் (சர்வரிலேயே சேமித்துவைத்துக் கூப்பிடும் நிரல்கள்) உருவாகும். 'டேட்டாபேஸ்பேக்கப்', 'டேட்டாபேஸ்இன்டெக்ரிட்டிசெக்', 'இண்டெக்ஸ்ஆப்டிமைஸ்' மூன்றும் நாம் கூப்பிடுபவை. நான்காவதான 'கமாண்ட்எக்ஸிக்யூட்' அவை மூன்றுக்கும் பின்னால் இருந்து ஒவ்வொரு கட்டளையையும் ஓட்டிப் பதிவுசெய்கிறது. பதிவுகள் 'கமாண்ட்லாக்' என்ற டேபிளில் விழும். பல டேட்டாபேஸ்களை ஒரே நேரத்தில் ஓட்ட உதவும் இரண்டு சிறிய டேபிள்களும் கூடவே வரும்.

ஓட்டுவதற்கு முன் கோப்பின் தலையில் இருக்கும் சில வரிகளை மாற்ற வேண்டும். இயல்பாக எல்லாம், சர்வரின் சொந்த விவரங்கள் இருக்கும் மாஸ்டர் டேட்டாபேஸில் போய் உட்காரும். நிர்வாகத்துக்கென்று தனியாக ஒரு சிறிய டேட்டாபேஸ் உருவாக்கி அதில் வைப்பது நல்லது. கமாண்ட்லாக் வளரும்போது மாஸ்டர் வீங்காது. அடுத்து பேக்கப் போகும் இடம். இதை காலியாக விட்டால் எஸ்கியூஎல் சர்வரின் இயல்பு பேக்கப் ஃபோல்டரை எடுத்துக்கொள்ளும். பல நிறுவல்களில் அது டேட்டா இருக்கும் அதே டிஸ்க். டிஸ்க் போனால் டேட்டாவும் பேக்கப்பும் சேர்ந்தே போகும். மூன்றாவது 'க்ளீனப்டைம்'. பழைய பேக்கப்பை எத்தனை மணி நேரம் கழித்து அழிக்கலாம் என்ற எண். இதையும் காலியாக விட்டால் எதுவும் அழியாது, டிஸ்க் நிரம்பும் வரை சேர்ந்துகொண்டே போகும்.

பேக்கப் நெட்வொர்க் ஷேருக்குப் போகிறது என்றால், இரண்டு சாய்கோட்டில் தொடங்கும் முழுப் பாதையைக் கொடுக்க வேண்டும். உங்கள் லாகினில் மேப் செய்த டிரைவ் எழுத்து சர்வீஸுக்குத் தெரியாது. ஷேரில் எழுதும் அனுமதியும் உங்கள் கணக்குக்கு இருந்தால் போதாது, எஸ்கியூஎல் சர்வர் சர்வீஸ் எந்தக் கணக்கில் ஓடுகிறதோ அதற்கு வேண்டும். பலர் ஏஜென்ட் சர்வீஸின் (ஜாப்களை நேரப்படி ஓட்டும் சர்வீஸ்) கணக்குக்கு அனுமதி கொடுத்துவிட்டு, ஆப்பரேட்டிங் சிஸ்டம் எரர் 5 (அனுமதி மறுப்பு) ஏன் வருகிறது என்று தேடிக்கொண்டிருப்பார்கள். பழைய கோப்புகளை அழிப்பதும் அதே சர்வீஸ் கணக்குதான். எனவே எழுதும் உரிமையோடு அழிக்கும் உரிமையும் சேர்த்துக் கொடுங்கள்.

ஸ்கிரிப்ட் ஓடி முடிந்ததும் எஸ்கியூஎல் சர்வர் ஏஜென்டில் பதினொரு ஜாப்கள் தெரியும். பேக்கப்புக்கு நான்கு, பழுது சோதனைக்கு இரண்டு, இண்டெக்ஸுக்கு ஒன்று, பழைய வரலாறு, பதிவு, அவுட்புட் கோப்புகளைத் துடைக்க நான்கு. பார்க்க நிறைவாக இருக்கும். ஆனால் எந்த ஜாப்புக்கும் ஷெட்யூல் கிடையாது. தோல்வியடைந்தால் மின்னஞ்சல் அனுப்பும் ஏற்பாடும் கிடையாது. இது குறையல்ல, வேண்டுமென்றே விட்டது. ஒவ்வொரு இடத்துக்கும் நேரம் வேறு. ஆனாலும் 'பேக்கப் ஜாப் இருக்கிறதே' என்று நம்பிக்கொண்டு, ஒரு முறைகூட ஓடாத ஜாப்களை வைத்திருக்கும் சர்வர்கள் உண்டு.

பேக்கப்

ஜாப்களில் வரும் கட்டளையில் செக்சமும் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட சரிபார்ப்பு எண்) வெரிஃபையும் (எடுத்த பேக்கப்பைப் படித்துப் பார்ப்பது) ஏற்கெனவே போடப்பட்டிருக்கும். செக்சம் என்றால் பேக்கப் எடுக்கும்போதே ஒவ்வொரு பேஜின் (டேட்டா சேமிக்கப்படும் 8 கேபி துண்டு) செக்சமும் சரிபார்க்கப்படும், கெட்ட பேஜ் கண்ணில் பட்டால் பேக்கப் அங்கேயே நிற்கும். கையால் ப்ரொசீஜரைக் கூப்பிடுபவர்கள் இதைப் போட மறந்துவிடுகிறார்கள். கம்ப்ரஷனையும் போட்டுக்கொள்ளுங்கள், ஸ்டாண்டர்டு எடிஷனிலேயே கிடைக்கிறது.

டேட்டாபேஸ்களைத் தேர்வு செய்யும் முறை அருமை. 'யூசர்_டேட்டாபேசஸ்' என்று கொடுத்தால் நாளை புதிதாக உருவாக்கும் டேட்டாபேஸும் தானாகச் சேர்ந்துகொள்ளும். பெயருக்கு முன்னால் கழித்தல் குறி போட்டால் அது மட்டும் விலகும். சதவீதக் குறி வைத்துப் பெயரின் ஒரு பகுதியால் குழுவாகவும் பிடிக்கலாம். இந்த ஒரு வசதிக்காகவே கைப்பட எழுதிய பேக்கப் ஸ்கிரிப்ட்களைத் தூக்கிப்போடலாம். பெயர்ப் பட்டியலை யாரும் புதுப்பிக்க மறந்ததால் விடுபடும் டேட்டாபேஸ்தான் ரீஸ்டோர் தேவைப்படும் நாளில் முதலில் கேட்கப்படும்.

அதிலும் ஒரு பொறி உண்டு. பகல் 11 மணிக்கு ஒரு புதிய டேட்டாபேஸ் உருவாகிறது. அதற்கு இன்னும் ஃபுல் பேக்கப் (முழு டேட்டாபேஸின் நகல்) இல்லை. லாக் பேக்கப் (மாற்றங்களைப் பதியும் லாக்கின் நகல்) எடுக்கும் ஜாப் வரும்போது அதை எரர் எதுவும் காட்டாமல் தாண்டிப் போய்விடும், ஜாப் பச்சை நிறத்தில் வெற்றி என்று காட்டும். ஞாயிறுதான் ஃபுல் என்றால் அதுவரை அந்த டேட்டாபேஸுக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை. இதற்கு மருந்து 'சேஞ்ச்பேக்கப்டைப்' என்ற பாராமீட்டர். டிஃப் (கடைசி ஃபுல்லுக்குப் பிறகு மாறியவை மட்டும்), லாக் ஜாப்கள் இரண்டிலும் இதற்கு 'ஒய்' (ஆம்) கொடுத்துவிடுங்கள். டிஃப் அல்லது லாக் எடுக்க முடியாத நிலை வந்தால் அதுவே ஃபுல் எடுத்துக்கொள்ளும். 500 ஜிபி டேட்டாபேஸை நடுப்பகலில் ரீஸ்டோர் செய்து ஏற்றினால், அடுத்த கால் மணியில் ஒரு ஃபுல் பேக்கப் கிளம்பக்கூடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

சிம்பிள் ரிகவரி மாடலில் (லாக் பேக்கப் எடுக்க முடியாத அமைப்பு) இருப்பவற்றை லாக் ஜாப் தொடாது, அது சரியான நடத்தை. ஃபுல் ரிகவரியில் இருந்தும் லாக் பேக்கப் ஓடாவிட்டால் லாக் கோப்பு வளர்ந்துகொண்டே போகும். சிஸ்டம் வியூவில் 'லாக்_ரீயூஸ்_வெயிட்' காரணமாக 'லாக்_பேக்கப்' என்று காட்டினால் காரணம் இதுதான். லாக்கை ஷ்ரிங்க் செய்து (கோப்பைச் சுருக்கி) என்ன பயன், லாக் பேக்கப்புக்கு ஷெட்யூல் போடுங்கள்.

க்ளீனப்டைம் எண்ணில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். வாரம் ஒரு ஃபுல் எடுத்துக்கொண்டு, எல்லா ஜாப்களிலும் 48 மணி நேரம் என்று போட்டால் என்ன ஆகும்? ஞாயிறு ஃபுல் முடிந்ததும் போன ஞாயிறு ஃபுல் அழிக்கப்படும். அதை நம்பியிருந்த சனிக்கிழமை டிஃபும் லாக்கும் டிஸ்க்கில் இருந்தும் பயனற்றுப்போகும். திங்கள் காலையில் 'சனிக்கிழமை மாலை இருந்த நிலைக்குத் திரும்ப வேண்டும்' என்று கேட்டால் முடியாது. கடந்த 14 நாளில் எந்த நிமிடத்துக்கும் திரும்ப வேண்டும் என்றால், வாராந்திர ஃபுல்லுக்கு 14 அல்ல, 22 நாள் வேண்டும், அதாவது 528 மணி. தினசரி டிஃபுக்கும் லாக்குக்கும் 16 நாள், 384 மணி. டிஸ்க் கணக்கை இதை வைத்துப் போடுங்கள்.

அழிப்பதில் இந்தக் கருவி நிதானமாகவே நடந்துகொள்கிறது. இயல்பாக, புதிய பேக்கப் எடுத்து, வெரிஃபை செய்து, அது வெற்றியானால் மட்டுமே பழையதைத் தொடும். கடைசி ஃபுல் அல்லது டிஃபுக்குப் பிறகு வந்த லாக் பேக்கப்களை, நேரம் கடந்திருந்தாலும் அழிக்காது. டிஸ்க் இடம் போதவில்லை என்று 'க்ளீனப்மோட்' பாராமீட்டரில் 'பிஃபோர்_பேக்கப்' கொடுப்பவர்கள் இந்தப் பாதுகாப்பில் பாதியைக் கைவிடுகிறார்கள். பேக்கப் தோற்றால் பழையதும் இருக்காது. மறுபக்கம், நீக்கப்பட்ட டேட்டாபேஸின் ஃபோல்டரை இது ஒருபோதும் துடைக்காது. அழிக்கும் வேலை ஒவ்வொரு டேட்டாபேஸின் பேக்கப்போடு சேர்ந்தே நடப்பதால், டேட்டாபேஸ் இல்லாமல் போனால் அதன் பழைய கோப்புகளைக் கவனிக்க யாரும் வருவதில்லை. பல டிஸ்க்குகளில் நூறு நூறு ஜிபி இப்படித்தான் அனாதையாகக் கிடக்கிறது.

விர்ச்சுவல் மெஷின் பேக்கப் மென்பொருளும் அதே சர்வரில் ஓடுகிறது என்றால் ஒன்றைக் கட்டாயம் பாருங்கள். அது விஎஸ்எஸ் (விண்டோஸின் ஸ்னாப்ஷாட் சேவை) வழியாக எடுக்கும் ஸ்னாப்ஷாட், காப்பி ஒன்லி (மற்ற பேக்கப்களின் வரிசையைப் பாதிக்காத நகல்) ஆக இல்லாவிட்டால், எஸ்கியூஎல் சர்வர் அதை ஒரு ஃபுல் பேக்கப் என்றே கணக்கில் வைக்கும். அதன் பிறகு நீங்கள் எடுக்கும் டிஃப் எல்லாம் அந்த ஸ்னாப்ஷாட்டை அடிப்படையாகக் கொண்டவை, உங்கள் ஞாயிறு ஃபுல்லை அல்ல. ரீஸ்டோர் செய்யும் நாளில்தான் இது வெளியே வரும். எம்எஸ்டிபி என்ற சிஸ்டம் டேட்டாபேஸில் உள்ள 'பேக்கப்செட்' டேபிளில் 'இஸ்_ஸ்னாப்ஷாட்' என்ற நெடுவரிசை 1 என்று காட்டும் வரிகள் இருந்தால், அவற்றில் 'இஸ்_காப்பி_ஒன்லி'யும் 1 ஆக இருக்கிறதா என்று பாருங்கள்.

ஒரே டேட்டாபேஸைப் பல சர்வர்களில் வைக்கும் ஆல்வேஸ் ஆன் குழுவில், எல்லா ரெப்ளிகாவிலும் (குழுவில் உள்ள ஒவ்வொரு சர்வர்) ஒரே ஜாப்களை ஒரே நேரத்துக்குப் போடலாம். எந்த ரெப்ளிகாவில் எடுக்க வேண்டும் என்று ப்ரொசீஜரே பார்த்து முடிவெடுக்கும்: வழக்கமான ஃபுல்லும் டிஃபும் பிரைமரியில், லாக் பேக்கப் குழுவின் பேக்கப் விருப்பப்படி. ஃபெயில்ஓவர் ஆன (பிரைமரி வேறு சர்வருக்கு மாறிய) இரவில் யாரும் எழுந்து ஜாப்களை இயக்கி நிறுத்த வேண்டியதில்லை.

பழுது சோதனை

இதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, ஏனென்றால் செய்ய வேண்டியதைச் செய்கிறது. உள்ளே ஓடுவது எஸ்கியூஎல் சர்வரின் சொந்தச் சோதனைக் கட்டளையான செக்டிபி. பெரிய டேட்டாபேஸில் அது பல மணி நேரம் எடுத்தால், வார நாள்களில் 'ஃபிசிக்கல்ஒன்லி' (பேஜ்களின் கட்டமைப்பை மட்டும் பார்ப்பது) போட்டு ஓட்டுங்கள், வாரம் ஒருமுறை முழுச் சோதனை. அதற்கும் நேரம் இல்லையென்றால் பேக்கப்பை வேறொரு சர்வரில் ரீஸ்டோர் செய்து அங்கே முழுச் சோதனையை ஓட்டலாம். ரீஸ்டோர் சோதனையும் சேர்ந்தே முடிந்துவிடும்.

ஒரு விதி: சோதனைக்கும் சோதனைக்கும் இடையிலான நாள்கள், பேக்கப்பை வைத்திருக்கும் நாள்களைவிடக் குறைவாக இருக்க வேண்டும். மாதம் ஒருமுறை சோதனை, இரண்டு வாரப் பேக்கப் என்று இருந்தால், பழுது தெரியவரும்போது கையில் இருக்கும் எல்லா பேக்கப்பிலும் அதே பழுது இருக்கலாம். செக்சம் போட்ட பேக்கப் இதில் பெரும்பகுதியைப் பிடிக்கும், எல்லாவற்றையும் அல்ல.

ஜாப் தோற்றால் உடனே ரிப்பேர் ஆப்ஷனுக்குப் போகாதீர்கள். 'ரிப்பேர் அலவ் டேட்டா லாஸ்' என்று பெயரிலேயே எச்சரிக்கை இருக்கிறது. எரரில் காட்டும் இண்டெக்ஸ் எண் 1-க்கு மேல் இருந்தால் அது நான்கிளஸ்டர்டு இண்டெக்ஸ், அதாவது டேட்டாவுக்கு வெளியே தனியாக இருப்பது. அதை நீக்கிவிட்டு மறுபடி உருவாக்கினாலே பெரும்பாலும் சரியாகிவிடும். 0 அல்லது 1 என்றால் டேட்டாவே கெட்டிருக்கிறது, பேக்கப்பிலிருந்து மீட்பதுதான் வழி. எதைச் செய்வதற்கு முன்னும் லாக்கின் கடைசிப் பகுதியை ஒரு பேக்கப் எடுத்துவையுங்கள்.

இண்டெக்ஸ்: இங்கேதான் மதிப்பெண் குறைகிறது

இண்டெக்ஸ்ஆப்டிமைஸ் இயல்பாகச் செய்வது இது. ஃபிராக்மென்டேஷன் (பேஜ்கள் வரிசை மாறிக் கிடக்கும் அளவு) 5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் தொடாது. 5 முதல் 30 வரை ரீஆர்கனைஸ் (இருக்கும் பேஜ்களை வரிசைப்படுத்துவது). 30-க்கு மேல் ரீபில்ட் (இண்டெக்ஸைத் திரும்பக் கட்டுவது), முடிந்தால் ஆன்லைனில் (டேபிள் பயன்பாட்டில் இருக்கும்போதே), முடியாவிட்டால் ஆஃப்லைனில். 1000 பேஜுக்குக் குறைவான, அதாவது சுமார் 8 எம்பிக்குக் கீழான இண்டெக்ஸை விட்டுவிடும்.

இந்த 5, 30 எண்கள் மைக்ரோசாஃப்ட் ஆவணங்களில் நீண்ட காலம் இருந்தவை. இத்தகைய வரம்புகளை அந்த ஆவணங்களுக்காக எழுதியவர் அப்போது மைக்ரோசாஃப்டில் இருந்த பால் ராண்டல். ஏதாவது ஓர் எண் கேட்டார்கள், ஒரு தொடக்கமாகக் கொடுத்தேன் என்ற பொருளில் அவரே பின்னாளில் பொதுவெளியில் சொல்லியிருக்கிறார். சுழலும் டிஸ்க்கின் காலத்துக்கு அது நியாயம். பேஜ்கள் வரிசை மாறிக் கிடந்தால் டிஸ்க்கின் தலை அங்குமிங்கும் ஓட வேண்டும். எஸ்எஸ்டியில் அந்தச் செலவு பெருமளவு போய்விட்டது. இன்று பொருட்படுத்த வேண்டியது பேஜ் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பது. பாதி காலியான பேஜ்கள் என்றால் அதே டேட்டாவுக்கு இரண்டு மடங்கு நினைவகம். இண்டெக்ஸ்ஆப்டிமைஸ் முடிவெடுப்பதோ வரிசை மாறிய சதவீதத்தை வைத்து மட்டும். பேஜின் நிரம்பல் அளவை அது பார்ப்பதே இல்லை. கருவியின் உண்மையான குறை என்று நான் சொல்வது இதைத்தான்.

இரண்டாவது, ஸ்டாண்டர்டு எடிஷனில் ஆன்லைன் ரீபில்ட் கிடையாது. இயல்புப் பட்டியலை விட்டுவைத்தால் 30 சதவீதம் தாண்டிய ஒவ்வொரு இண்டெக்ஸும் ஆஃப்லைனில் ரீபில்ட் ஆகும், முடியும் வரை அந்த டேபிளில் எழுத முடியாது, கிளஸ்டர்டு இண்டெக்ஸ் (டேபிளின் டேட்டாவே அடங்கியது) என்றால் படிக்கவும் முடியாது. இரவு நேர ஷிஃப்ட் ஓடும் தொழிற்சாலையிலோ மருத்துவமனையிலோ இதைப் போட்டால் அதிகாலை மூன்று மணிக்குத் தொலைபேசி வரும்.

மூன்றாவதுதான் பெரிய விஷயம். இயல்பு ஜாப்பில் ஸ்டாடிஸ்டிக்ஸ் புதுப்பிக்கப்படுவதே இல்லை. 'அப்டேட்ஸ்டாடிஸ்டிக்ஸ்' பாராமீட்டர் காலியாக வருகிறது. ரீபில்ட் ஆகும் இண்டெக்ஸின் ஸ்டாடிஸ்டிக்ஸ் மட்டும், ரீபில்டின் பக்கவிளைவாக, முழு டேட்டாவையும் படித்துப் புதுப்பிக்கப்படும். ரீஆர்கனைஸ் அதைச் செய்யாது. 'ரீபில்ட் ஓட்டியதும் கொயரி வேகமாகிவிட்டது' என்று சொல்லப்படும் இடங்களில் பலவற்றில் வேகத்தைக் கொடுத்தது புதிய ஸ்டாடிஸ்டிக்ஸும் அதனால் பிறந்த புதிய பிளானும்தான் (கொயரியை ஓட்டச் சர்வர் தேர்ந்தெடுக்கும் வழி). ஒரு நிமிடத்தில் ஸ்டாடிஸ்டிக்ஸை மட்டும் புதுப்பித்திருந்தால் கிடைத்திருக்கும் பலனுக்கு 40 ஜிபி இண்டெக்ஸைத் திரும்பக் கட்டுவது வீண் செலவு.

அந்தச் செலவும் சாதாரணமல்ல. ஃபுல் ரிகவரியில் 40 ஜிபி இண்டெக்ஸை ரீபில்ட் செய்தால் ஏறக்குறைய அவ்வளவும் லாக்கில் எழுதப்படும். டேட்டா கோப்பிலும் அவ்வளவு காலி இடம் வேண்டும். அடுத்த லாக் பேக்கப் பூதாகரமாக வரும். ஆல்வேஸ் ஆன் இருந்தால் அத்தனையும் நெட்வொர்க் வழியே செகண்டரிக்குப் போய்ச் சேரும் வரை அது பின்தங்கும். அடுத்த டிஃப், மாறிய எக்ஸ்டென்ட் (எட்டு பேஜ் கொண்ட தொகுதி) எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு ஃபுல்லைப் போலவே வீங்கும். வளர்ந்த கோப்பைப் பார்த்து யாராவது ஷ்ரிங்க் ஓட்டினால், ஷ்ரிங்க் பேஜ்களை வரிசை கலைத்துப்போட, மறுவாரம் ரீபில்ட் மறுபடி முதலிலிருந்து.

ஆகவே நான் பரிந்துரைப்பது இரண்டு ஜாப்கள். முதலாவது தினமும் இரவு, ஸ்டாடிஸ்டிக்ஸுக்கு மட்டும். 'ஃபிராக்மென்டேஷன்லோ', 'மீடியம்', 'ஹை' மூன்றுக்கும் 'நல்' (NULL, மதிப்பு இல்லை), 'அப்டேட்ஸ்டாடிஸ்டிக்ஸ்' என்பதற்கு 'ஆல்', 'ஒன்லிமாடிஃபைடுஸ்டாடிஸ்டிக்ஸ்' என்பதற்கு 'ஒய்'. மூன்றுக்கும் அந்த 'நல்' மதிப்பை வெளிப்படையாக எழுத வேண்டும். எழுதாமல் விட்டால் இயல்பு ரீபில்ட் பட்டியல் உள்ளே வந்துவிடும்.

'ஒய்' என்றால் ஒரே ஒரு வரி மாறியிருந்தாலும் புதுப்பிக்கும். பெரிய சர்வரில் அது அதிகமாகத் தெரிந்தால் அதை எடுத்துவிட்டு 'ஸ்டாடிஸ்டிக்ஸ்மாடிஃபிகேஷன்லெவல்' என்பதற்கு 5 என்று கொடுக்கலாம். இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் ப்ரொசீஜர் ஏற்காது. 5 சதவீத வரிகள் மாறினாலோ, வரிகளின் எண்ணிக்கையை 1000-ஆல் பெருக்கி அதற்கு எடுத்த வர்க்கமூலத்தைத் தாண்டினாலோ புதுப்பிக்கும். 10 லட்சம் வரி டேபிளுக்கு அந்த வர்க்கமூலம் சுமார் 31,600, 10 கோடி வரிக்குச் சுமார் 3,16,000. எஸ்கியூஎல் சர்வர் 2016 முதல், கம்பாட்டிபிலிட்டி லெவல் (டேட்டாபேஸ் எந்தப் பதிப்பைப் போல நடக்க வேண்டும் என்ற அமைப்பு) 130-லிருந்து, சர்வரே தானாகப் புதுப்பிப்பதற்கும் பெரிய டேபிளில் இதே கணக்குதான். பழைய லெவலில் 20 சதவீதமும் 500 வரியும் மாற வேண்டும், 10 லட்சத்துக்கு 2,00,500. பழைய லெவலில் விட்டுவைத்த டேட்டாபேஸ்களில் இந்த இரவு ஜாப் காட்டும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

ஸ்டாடிஸ்டிக்ஸுக்காகப் படிக்கும் சாம்பிள் அளவைச் சர்வர் தன் விருப்பப்படி வைத்துக்கொள்ளும். சில வாடிக்கையாளர்களிடம் மட்டும் ஆர்டர்கள் குவிந்திருக்கும் டேபிள் போன்றவற்றில் அது ஏமாற்றும். அவற்றை 'இண்டெக்சஸ்' பாராமீட்டரால் தனியாகக் குறிப்பிட்டு 'ஸ்டாடிஸ்டிக்ஸ்சாம்பிள்' 100 என்று இன்னொரு ஜாப் வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது ஜாப் வாரம் ஒருமுறை, ஃபிராக்மென்டேஷனுக்கு. 'லெவல்1' 5-க்குப் பதில் 50, 'லெவல்2' 30-க்குப் பதில் 80, 'மின்நம்பர்ஆஃப்பேஜஸ்' 10000. ஸ்டாண்டர்டு எடிஷனில் பட்டியலிலிருந்து ஆஃப்லைன் ரீபில்டை எடுத்துவிட்டு ரீஆர்கனைஸ் மட்டும் விடுங்கள். ரீஆர்கனைஸ் எப்போதும் ஆன்லைன், நடுவில் நிறுத்தினாலும் அதுவரை செய்தது வீணாகாது. ரீபில்டை நடுவில் நிறுத்தினால் எல்லாம் ரோல்பேக் ஆகும், அதற்கும் நேரம் பிடிக்கும். என்டர்பிரைஸில் ஆன்லைன் ரீபில்டுக்கும் முடிவில் ஒரு கணம் டேபிளை முழுவதுமாகப் பூட்ட வேண்டும். நீண்ட கொயரி ஒன்று குறுக்கே நின்றால், அதன் பின்னால் மற்ற எல்லாக் கொயரிகளும் வரிசைகட்டும். 'வெயிட்அட்லோப்ரையாரிட்டி' பாராமீட்டர்கள் இரண்டையும் கொடுத்து, காத்திருப்பு 2 நிமிடம், அதன் பின் 'செல்ஃப்' என்று வையுங்கள். விலகிப்போவது ரீபில்டாக இருக்கட்டும்.

'டைம்லிமிட்' பற்றிப் பரவலான தவறான நம்பிக்கை ஒன்று உண்டு. 7200 வினாடி என்று கொடுத்தால் இரண்டு மணி நேரத்தில் எல்லாம் நின்றுவிடும் என்று நினைக்கிறார்கள். அந்த நேரத்துக்குப் பிறகு புதிய கட்டளை தொடங்காது, அவ்வளவுதான். 1 மணி 59-ஆம் நிமிடத்தில் தொடங்கிய பெரிய ரீபில்ட் தன் போக்கில் ஓடி முடியும்.

எதை மாற்றினாலும் முதலில் 'எக்ஸிக்யூட்' பாராமீட்டருக்கு 'என்' (N, இல்லை) கொடுத்து ஓட்டிப் பாருங்கள். எந்தெந்தக் கட்டளைகள் ஓடும் என்று அச்சிட்டுக் காட்டும், எதையும் செய்யாது. சனிக்கிழமை இரவு என்ன நடக்கும் என்பதை வெள்ளிக்கிழமை பகலிலேயே தெரிந்துகொள்ளலாம்.

எப்போது எது

நேரங்கள் உங்கள் அலுவல் பொறுத்தவை, வரிசை மட்டும் மாறக்கூடாது: ஃபிராக்மென்டேஷன் ஜாப் எப்போதும் ஃபுல் பேக்கப்புக்கு முன்னால். பின்னால் வைத்தால் வாரம் முழுக்க வரும் ஆறு டிஃபும் வீங்கும். சனி இரவு 10 மணிக்கு இண்டெக்ஸ், ஞாயிறு அதிகாலை 1 மணிக்கு ஃபுல், 4 மணிக்குப் பழுது சோதனை. மற்ற இரவுகளில் 1 மணிக்கு டிஃப், 3 மணிக்கு ஸ்டாடிஸ்டிக்ஸ். லாக் பேக்கப் 15 நிமிடத்துக்கு ஒருமுறை, நாள் முழுக்க, இண்டெக்ஸ் ஓடும் நேரத்திலும்கூட. அந்த நேரத்தில்தான் லாக் கோப்பு அதிகம் வளரும். சிஸ்டம் டேட்டாபேஸ்களின் ஃபுல் தினமும். சில எம்பிதான், ஆனால் ஜாப்களும் லாகின்களும் அங்கேதான் இருக்கின்றன.

தெரிந்துகொள்வது எப்படி

ஒரு டேட்டாபேஸ் தோற்றாலும் மற்றவற்றை முடித்துவிட்டு, கடைசியில் ஜாப்பைத் தோல்வி என்று காட்டுவது இதன் நல்ல குணம். எது தோற்றது என்று கமாண்ட்லாகில் எரர் எண் பூஜ்யம் அல்லாத வரிகளைப் பார்த்தால் போதும். முடிவு நேரம் காலியாக இருக்கும் வரி, ஓடிக்கொண்டிருப்பது அல்லது பாதியில் கொல்லப்பட்டது. இண்டெக்ஸ் வரிகளில் கூடுதல் தகவல் நெடுவரிசையில் அந்த நேரத்துப் பேஜ் எண்ணிக்கையும் ஃபிராக்மென்டேஷனும் பதிவாகியிருக்கும். ஒரே இண்டெக்ஸ் வாராவாரம் 80 தாண்டி வருகிறது என்றால் அதைத் திரும்பத் திரும்பக் கட்டாதீர்கள், ஃபில் ஃபேக்டரையோ (பேஜை எவ்வளவு நிரப்புவது என்ற அளவு), கீயாக இருக்கும் ஜியூஐடியையோ (வரிசையின்றி உருவாகும் நீண்ட அடையாள எண்) கவனியுங்கள். இந்தப் பதிவுகளைத் துடைக்கும் ஜாப் 30 நாளுக்கு மேல் வைப்பதில்லை. ஆண்டு ஒப்பீடு வேண்டுமென்றால் அந்த எண்ணை மாற்றுங்கள்.

மின்னஞ்சலுக்கு டேட்டாபேஸ் மெயிலையும் ஆப்பரேட்டரையும் அமைத்து, ஒவ்வொரு ஜாப்பிலும் தோல்வி அறிவிப்பை நீங்களேதான் போட வேண்டும். கூடவே டிஸ்க்கில் படிப்பதில் சிக்கல் வந்தால் எழும் 823, 824, 825 எரர்களுக்கும் 19 முதல் 25 வரையான சிவியாரிட்டிக்கும் (எரரின் தீவிர நிலை) ஏஜென்ட் அலர்ட். 825 வந்தால், படிக்க முடியாமல் தோற்று மறுமுயற்சியில் படித்திருக்கிறது என்று பொருள், டிஸ்க்கை மாற்றும் வேளை. ஆனால் ஏஜென்ட் சர்வீஸே நின்றுபோனால் தோல்வி அஞ்சல் எதுவும் வராது. அதற்கு வெளியிலிருந்து, வேறொரு சர்வரிலிருந்து, பேக்கப்செட் டேபிளில் ஒவ்வொரு டேட்டாபேஸின் கடைசிப் பேக்கப் நேரத்தைக் கேட்கும் சிறிய சோதனை ஒன்று வேண்டும்.

ரீஸ்டோர் சோதனையை இந்தக் கருவி செய்யாது. வெரிஃபை வெற்றி என்பது கோப்பு முழுமையாகப் படிக்கக் கிடைக்கிறது என்ற உறுதி மட்டுமே. பவர்ஷெல்லில் இயங்கும் டிபிஏடூல்ஸ் தொகுப்பில், கடைசிப் பேக்கப்பை எடுத்து வேறு பெயரில் ரீஸ்டோர் செய்து, செக்டிபி ஓட்டி, பிறகு நீக்கிவிடும் கட்டளை இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால்தான் ஏற்பாடு முழுமை. பல சர்வர்களில் ஒரேயடியாக ஹாலென்கிரென் ஸ்கிரிப்டை நிறுவும் கட்டளையும் அதே தொகுப்பில் உண்டு.

மெயின்டனன்ஸ் பிளான் போதாதா?

சர்வரோடு வரும் மெயின்டனன்ஸ் பிளானை மவுஸால் இழுத்துப் போட்டு அமைக்கலாம், ஒரே ஒரு சிறிய சர்வர் என்றால் அதுவும் ஓடும். எஸ்கியூஎல் சர்வர் 2016-க்கு முந்தைய மேனேஜ்மென்ட் ஸ்டுடியோவில் ரீபில்ட் பணிக்கு ஃபிராக்மென்டேஷன் வரம்பே கிடையாது, எல்லாவற்றையும் கட்டித் தள்ளும். இப்போது வரம்பு இருக்கிறது. ஆனாலும் ரீபில்டுக்குப் பிறகு ஸ்டாடிஸ்டிக்ஸ் பணியையும் இழுத்துப் போடுபவர்கள், முழு டேட்டா படித்துக் கிடைத்த ஸ்டாடிஸ்டிக்ஸின் மேல் சாம்பிள் எடுத்ததை எழுதிக் கெடுக்க வாய்ப்புண்டு. இண்டெக்ஸ்ஆப்டிமைஸ், தான் ரீபில்ட் செய்த இண்டெக்ஸின் ஸ்டாடிஸ்டிக்ஸை மறுபடி தொடாது. மெயின்டனன்ஸ் பிளானில் ஷ்ரிங்க் டேட்டாபேஸ் என்று ஒரு பணியும் பட்டியலில் இருக்கிறது. அதை எதற்காக இன்னும் வைத்திருக்கிறார்கள் என்பது மைக்ரோசாஃப்டுக்கே வெளிச்சம்.

எக்ஸ்பிரஸ், அஷ்யூர், புதிய பதிப்பு

எக்ஸ்பிரஸில் ஏஜென்ட் இல்லை, ஸ்கிரிப்ட் ஜாப்களை உருவாக்காமல் ப்ரொசீஜர்களை மட்டும் வைக்கும். விண்டோஸ் டாஸ்க் ஷெட்யூலரிலிருந்து எஸ்கியூஎல்சிஎம்டி (கட்டளை வரியில் எஸ்கியூஎல் ஓட்டும் கருவி) வழியாகக் கூப்பிட வேண்டும். சிறிய 'பி' ஆப்ஷனைச் சேர்க்காவிட்டால் பேக்கப் தோற்றாலும் டாஸ்க் வெற்றி என்றே காட்டும். கம்ப்ரஷனும் எக்ஸ்பிரஸில் இல்லை, அதற்கேற்ப இடம் ஒதுக்குங்கள்.

மைக்ரோசாஃப்டின் கிளவுடான அஷ்யூரில் உள்ள எஸ்கியூஎல் டேட்டாபேஸில் பேக்கப் மைக்ரோசாஃப்டின் பொறுப்பு, ஸ்டாடிஸ்டிக்ஸ் இன்னும் உங்களுடையது. இண்டெக்ஸ்ஆப்டிமைஸ், கமாண்ட்எக்ஸிக்யூட் இரண்டையும் மட்டும் நிறுவி, எலாஸ்டிக் ஜாப் (அஷ்யூரில் ஜாப்களை நேரப்படி ஓட்டும் வசதி) வழியாக ஓட்டலாம். மேனேஜ்டு இன்ஸ்டன்ஸில் (அஷ்யூரில் முழு சர்வராகக் கிடைப்பது) ஏஜென்ட் இருப்பதால் வழக்கம்போல.

புதிய பதிப்பு வந்தால் அதே ஸ்கிரிப்டைத் திரும்ப ஓட்டினால் போதும். ப்ரொசீஜர்கள் மாறும், கமாண்ட்லாகில் உள்ள பதிவுகள் அப்படியே இருக்கும். 'க்ரியேட்ஜாப்ஸ்' என்பதை 'என்' ஆக்கிவிட்டு ஓட்டுங்கள். பெயரை மாற்றிவைத்த ஜாப்கள் இருந்தால், 'ஒய்' என்று விடும்போது பழைய பெயரில் இன்னொரு தொகுதி முளைக்கும். அவற்றுக்கும் ஷெட்யூல் இருக்காது.